ஆம்னிக்குள் ஒரு பலகை: மூன்றரை நிமிட ஒற்றை ஷாட் எடுத்த அனுபவம்

பலகை 5 அடி நீளம், 1 அடி அகலம். 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, அடியில் குறுக்காக மூன்று ரீப்பர் அடித்தது. மரக்கடை அண்ணன் அளவைக் குறித்துக்கொண்டே "கடைக்கு ஷெல்ப் போடறியாப்பா?" என்று கேட்டார். மாருதி ஆம்னி வேனுக்குள் இதைப் போட்டு, இதன்மேல் கேமராக்காரரை உட்காரவைத்து முன்னும் பின்னும் வழுக்க விடப்போகிறோம் என்று சொன்னதும், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். விளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தது அவராகவே செய்த வேலை.

அவரிடம் சொன்னதை இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

1950-ல் வந்த 'கன் கிரேஸி' என்ற அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம். ஜோசப் எச். லூயிஸ் இயக்கியது. துப்பாக்கிமேல் பித்துப் பிடித்த ஓர் இளைஞனும், கார்னிவலில் குறி தவறாமல் சுட்டுக் காட்டும் ஒரு பெண்ணும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கையில் இருந்த காசு தீர்ந்ததும் கொள்ளையடித்துக்கொண்டே ஊர் ஊராக ஓடுகிறார்கள். ஜான் டாலும் பெக்கி கம்மின்ஸும் நடித்தார்கள். திரைக்கதை என்று திரையில் வரும் இரண்டு பெயர்களில் ஒன்று முகமூடி. அதன் பின்னால் இருந்து எழுதியவர், கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்திருந்த டால்டன் ட்ரம்போ. சொந்தப் பெயரைப் போட முடியாமல் ஒளிந்திருந்த மனிதர், ஒளிந்து ஓடும் இருவரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்ற நினைப்பு, ஒவ்வொரு முறை இந்தப் படத்தைப் பார்க்கும்போதும் எனக்கு உறைக்கும்.

அதில் ஒரு வங்கிக் கொள்ளை வருகிறது. மூன்றரை நிமிடம்போல ஓடும், நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. கேமரா காரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அவள் ஓட்டுகிறாள், அவன் பக்கத்தில். வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். அவன் இறங்கி வங்கிக்குள் போகிறான், நாம் போவதில்லை. வண்டியிலேயே அவளோடு உட்கார்ந்திருக்கிறோம். ஒரு போலீஸ்காரர் நடந்து வருகிறார். அவள் இறங்கி அவரிடம் பேச்சுக் கொடுக்கிறாள், கேமரா முன்னே நகர்ந்து சன்னல் வழியாக அதைப் பார்க்கிறது. அலாரம் அடிக்கிறது, அவன் ஓடி வருகிறான், வண்டி பறக்கிறது.

கலிபோர்னியாவில் மாண்ட்ரோஸ் என்ற ஊரின் நிஜத் தெருவில் எடுத்தது. நீளமான காடிலாக் ஒன்றின் உட்புறத்தைக் காலி செய்து, கிரீஸ் தடவிய பலகைமேல் குதிரைச் சேணம் ஒன்றை வைத்து, அதன்மேல் கேமராமேனை உட்காரவைத்து நகர்த்தினார்கள். வசனத்தின் பெரும்பகுதி நடிகர்கள் அந்த நேரத்தில் பேசியது. தெருவில் போனவர்களுக்கு எதுவும் தெரியாது, வங்கியில் நிஜமாகவே கொள்ளை என்று கத்தினார்கள் என்று லூயிஸ் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்.

இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பலகை என் தலைக்குள் கிடந்தது. நாங்கள் ஆறு பேர் வேலூரில் ஒரு குறும்படம் எடுக்கத் தொடங்கியபோது, இந்தக் காட்சியை இந்த முறையில்தான் எடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

எங்கள் கதையில் அவள் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள், அவன் லாரி ஷெட்டில் வேலை செய்பவன். ஓர் அடகுக்கடையில் கைவைத்துவிட்டுக் காட்பாடி வழியாகக் கிறிஸ்டியான்பேட்டை தாண்டி ஆந்திராவுக்குள் போய்விடுவது அவர்கள் திட்டம். எழுத உட்கார்ந்தபோதே ஒரு சிக்கல் வந்தது. அமெரிக்கப் படங்களில் ஓடுகிறவர்களுக்கு முன்னால் முடிவில்லாத சாலை இருக்கிறது. இங்கே சித்தூர் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். தூரம் இல்லாத ஊரில் துரத்தலை எப்படிக் காட்டுவது? நாள்கணக்கில் பேசினோம். இங்கே துரத்துவது போலீஸ் ஜீப் இல்லை, தெரிந்த முகம் என்ற முடிவுக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஓர் அத்தை, டீக்கடையில் ஒரு சித்தப்பா, "நீ இன்னார் பொண்ணுதானே" என்ற ஒரு கேள்வி. அது போதும், மாட்டிக்கொள்ள. ஆகவே போலீஸ்காரருக்குப் பதில் கம்பெனி சூபர்வைசர் டீ குடிக்க வருவதாக எழுதினோம்.

வண்டியாக ஆம்னியை எடுத்ததற்குக் காரணம் நண்பனின் மாமாவிடம் ஒன்று இருந்ததுதான். ஆனால் தமிழ் சினிமாவில் ஆளைக் கடத்துவது என்றாலே ஆம்னி என்பதால், அந்த வண்டியைப் பார்த்ததுமே பார்ப்பவர் மனதில் பாதிக் கதை ஓடிவிடும். பின்சீட்டைக் கழற்றினால் தட்டையான தரை, பக்கவாட்டில் தள்ளு கதவு. கேமரா வேலைக்கு இதைவிட வசதியான சின்ன வண்டி கிடையாது. ஒரே தொந்தரவு, அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. சத்தம், சூடு, நடுக்கம் மூன்றும் நடிகர்களின் தொடைக்குக் கீழே.

முதலில் லூயிஸ் வழியிலேயே கிரீஸ் போட்டோம். கேமராக்காரர் உட்காரும் தட்டு 14 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதே பிளைவுட். கிரீஸ் தடவியதும் பத்து நிமிடம் அருமையாக வழுக்கியது. அப்புறம் தள்ளு கதவு வழியாக வந்த தெருப்புழுதி கிரீஸில் ஒட்டி, பலகை முழுக்க மணல் களிம்பாகிவிட்டது. தட்டு விட்டுவிட்டு நகர்ந்தது, கேமரா விக்கியது. உடையெல்லாம் கறை வேறு.

அடுத்து டிராயர் சேனல். மேசை இழுப்பறைக்குப் போடுகிற, உள்ளே குண்டு உருளும் சேனல் இரண்டு வாங்கி அடித்தோம். நகர்வு சீராக இருந்தது. ஆனால் 58 கிலோ ஆள் உட்கார்ந்ததும் ஒவ்வொரு பள்ளத்திலும் கடகடவென்று சத்தம். காட்சி முழுக்க வசனம் இருக்கிறது, இது ஆகாது என்று கழற்றிவிட்டோம்.

தீர்வு ஆம்பூரிலிருந்து வந்தது. எங்கள் குழுவில் ஒருவரின் அப்பா தோல் தொழிலில் இருந்தவர். இரண்டு நாளாகப் பலகையோடு நாங்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு பையில் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். 3 மி.மீ. தடிமன் எருமைத்தோல். "வழவழப்பு முகத்தைக் கீழே வை, சொரசொர முகத்தை மேலே ஒட்டு. பலகைக்கு மெழுகு தேய். எண்ணெய், கிரீஸ் எதுவும் காட்டாதே" என்றார். அவர் சொன்னபடி பலகைமேல் வெள்ளை மெழுகுவத்தியை நீளவாக்கில் அழுத்தித் தேய்த்து, பருத்தித் துணியால் மெருகேற்றினேன். தட்டின் அடியில் நாலு மூலையிலும் உள்ளங்கை அளவு தோல், ரப்பர் பசை போட்டு ஒட்டியது. ஓர் இரவு கல்லை ஏற்றிவைத்துக் காயவிட்டோம்.

காலையில் தட்டை ஒரு விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் முன்னால் போய் நின்றது. அந்த நகர்வில் ஒரு கனம் இருந்தது. சக்கரத்தில் வராத, கையால் இழுத்து நிறுத்திய மாதிரியான கனம். 'கன் கிரேஸி'யில் சேணமாக இருந்ததும் தோல்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்குக் குதிரைக்காரர்களிடமிருந்து வந்த பொருள், எங்களுக்குப் பாலாற்றங்கரைத் தொழிலிலிருந்து வந்திருக்கிறது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்த காலை அது.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். இவ்வளவு சுலபமாக வழுக்குகிற தட்டு, பிரேக் போட்டால் நிற்காது. ஓரமாக வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு நாய் குறுக்கே வர, தட்டு கேமராக்காரரோடு பாய்ந்து முன்சீட்டின் முதுகில் இடித்தது. லென்ஸ் மூடி நசுங்கியது, அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்றைக்கே வேலையை நிறுத்தினோம். பலகையின் முன்முனையில் தேக்குக் கட்டை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே ரப்பர் சுற்றினோம். தட்டிலிருந்து பின்பக்கச் சீட் பெல்ட் கொக்கிக்கு நைலான் கயிறு. அதன் நீளத்துக்குமேல் தட்டு போகாது. கேமராக்காரரின் இடுப்பைத் தனி பெல்ட்டில் கட்டினோம். வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினோம். யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் முதலில் கட்டையும் கயிறும், அப்புறம்தான் மெழுகு.

நடுக்கத்துக்குப் பஞ்சர் கடையில் பழைய ஸ்கூட்டர் டியூப் நாலு வாங்கி, பாதிக்காற்று அடித்து, பலகைக்கும் வண்டித் தரைக்கும் நடுவே வைத்தோம். முழுக்காற்று அடித்தால் பலகை பந்துபோல் குதிக்கிறது. அழுத்தினால் கட்டைவிரல் ஓர் அங்குலம் உள்ளே போகவேண்டும், அதுதான் அளவு. ஓடும்போது இருந்த அதிர்வு பெரும்பாலும் போய்விட்டது. நின்றுகொண்டு எஞ்சின் ஓடும்போது வரும் நடுக்கம் மட்டும் போகவே இல்லை. படத்தில் சன்னல் கம்பி கூழ்போல ஆடியது. கடைசியில், வண்டி நிற்கும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தத்தைப் பின்னால் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். அவன் ஓடி வந்ததும் அவள் மறுபடி ஸ்டார்ட் செய்யவேண்டும். பழைய ஆம்னி, முதல் திருப்பில் எழும்புமா எழும்பாதா என்ற பதைப்பு காட்சிக்கும் நல்லதுதானே.

கேமராவில் ஃபோகஸ் மாற்ற வழியில்லை. அந்தக் குறுகிய இடத்தில் இன்னோர் ஆள் உட்கார முடியாது. 16 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, ஃபோகஸை ஐந்தேகால் அடிக்குச் சரிசெய்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டோம். எங்கள் கேமராவில் படம் விழும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாருக்கு அந்தக் கணக்கில் இரண்டேமுக்கால் அடிக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும். ஆகவே கேமரா யார் முகத்துக்கும் அதைவிடக் கிட்டே போகக் கூடாது. பலகை ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒவ்வொரு நிலையையும் குறித்தேன்: ஓடும்போது ஒரு கோடு, அவன் இறங்கும்போது ஒன்று, அவள் தனியாக இருக்கும்போது முன்கட்டையிலிருந்து ஒன்றேமுக்கால் அடியில் ஒன்று. பின்னால் குந்தியிருந்து தட்டைத் தள்ளுவது என் வேலை. நான் படத்தைப் பார்க்கவில்லை, கோடுகளை மட்டும்தான் பார்த்தேன்.

வெளிச்சம்தான் கடைசிவரை படுத்தியது. வெளியே வேலூர் வெயில், உள்ளே இருட்டு. முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று டேஷ்போர்டில் வெள்ளை வேட்டியை விரித்தேன். முகம் தெளிந்தது, கூடவே கண்ணாடி முழுக்க வேட்டியின் பிம்பமும் விழுந்தது. தெருவே தெரியவில்லை. டேஷ்போர்டுக்குக் கறுப்புத் துணி, வேட்டியைக் கிழித்துக் கதவுகளின் உள்பக்கத்திலும் கூரையிலும் என்று மாற்றியதும் சரியாயிற்று. மிச்சமிருந்த பிம்பத்தை லென்ஸ் முன்னால் மாட்டிய போலரைசர் கண்ணாடி குறைத்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேற்குப் பார்த்து ஓட்டவேண்டும், அதுவும் ஏழிலிருந்து எட்டரைக்குள். அதற்குமேல் போனால் மாசி மாதத்திலேயே எஞ்சின் சூடும் சேர்ந்து உள்ளே இருக்க முடியாது.

மாண்ட்ரோஸில் செய்தபடி யாருக்கும் சொல்லாமல் எடுக்கும் எண்ணம் எங்களுக்கு ஒருபோதும் இல்லை. துப்பாக்கி பொம்மையைக்கூட வெளியே காட்டவில்லை. அவன் கையில் ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான். காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினோம். சத்துவாச்சாரியில் ஹவுசிங் போர்டு பக்கம் ஓர் அகலமான தெருவைத் தேர்ந்தெடுத்து, முதல் நாளே கடை கடையாக நோட்டீஸ் கொடுத்தோம். லாங்கு பஜாரில் எடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் அங்கே வண்டி நுழைந்தால் மூன்றரை நிமிடத்தில் திரும்பி வராது.

ஞாயிற்றுக்கிழமை. முதல் டேக்கில் கேமராக்காரர் நிழல் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவதில் காலர் மைக் புடவையில் உரசியது. மைக்கைச் சன் வைசருக்கு மாற்றினோம், பேச்சு சுத்தமாக வந்தது. மூன்றாவது எல்லாமே சரி, அவன் ஓடி வந்து ஏறினான், சாவியைத் திருப்பினாள், வண்டி எழும்பவில்லை. மூன்று முறை திருப்பினாள். இருவர் முகத்திலும் வந்த பயம் அசல். ஆனால் வண்டி கடைசிவரை கிளம்பவில்லை, மாமாவை வரவழைத்துத் தள்ளித்தான் ஓடவைத்தோம்.

நாலாவது டேக். அவன் இறங்கிப் போய்விட்டான். நான் தட்டை ஒன்றேமுக்கால் அடிக் கோட்டுக்குத் தள்ளினேன். சூபர்வைசராக நடிப்பவர் மூலையில் தயாராக நிற்கிறார். அந்த நேரத்தில் தலையில் கூடையோடு ஒரு கீரைக்காரப் பாட்டி நேராக ஓட்டுநர் சன்னலுக்கு வந்துவிட்டார். பெருமுகைப் பக்கத்திலிருந்து வருகிறவராம், நோட்டீஸ் அவருக்கு எட்டவில்லை.

"ஏம்மா, வண்டிய இங்க வுட்டா பால் வண்டி எப்டி வரும்?"

அவள் ஒரு நொடி உறைந்தாள். அப்புறம், "அஞ்சு நிமிசம் பாட்டி, அவரு மருந்து வாங்கப் போயிருக்காரு" என்றாள்.

"யார் வூட்டுப் பொண்ணு நீ? பாத்த மாரி கீதே."

எழுதிய காட்சியில் இந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் ஒரு சூபர்வைசரையே உருவாக்கி வைத்திருந்தோம். அது தானாக வந்து சன்னலில் நிற்கிறது. கேமராக்காரரின் முதுகு இறுகுவது என் கைக்குத் தெரிந்தது. தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். அவள் "ஊருக்குப் புதுசு பாட்டி" என்று சொல்லி, முகத்தை மறைக்கிறமாதிரிக் குனிந்து, பர்சிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டினாள். ஒரு கட்டு முளைக்கீரை சன்னல் வழியாக உள்ளே வந்தது. பாட்டி நகர்ந்தார். மூலையில் நின்றவருக்கு நிலைமை புரிந்து அப்படியே பின்வாங்கிவிட்டார். அவன் மஞ்சள் பையோடு ஓடி வந்து ஏறினான். சீட்டில் ஈரம் சொட்டும் கீரைக்கட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சாவி. முதல் திருப்பிலேயே எழும்பியது. திருப்பத்தில் ஒரு பள்ளத்தில் கேமரா லேசாகச் சாய்ந்தது. அதை நாங்கள் சரிசெய்யப் போவதில்லை.

வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய்ப் பாட்டியைப் பிடித்தோம். திண்ணையில் உட்காரவைத்து, கேமராவிலேயே முழுக்காட்சியையும் போட்டுக் காட்டி, இதைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். இரண்டு தரம் பார்த்தார். "நெசமா திருடினவனாட்டமே ஓடியாறான்" என்றார். பேரனுக்கும் காட்டவேண்டும் என்று சொல்லிச் சம்மதம் கொடுத்தார். அன்றைக்குக் கூடையில் இருந்த கீரையை முழுக்க நாங்களே வாங்கிக்கொண்டோம். நடித்ததற்கான பணத்தைத் தனியாகக் கொடுத்தோம்.

ஷாட் 3 நிமிடம் 22 நொடி. கேமரா வண்டியை விட்டு இறங்கியிருந்தால், அடகுக்கடைக்குள் போய் அவனைக் காட்டிவிட்டு வந்திருந்தால், இந்தப் பாட்டி எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஊர் சன்னலுக்கு வருவது தெரியும்.

இப்போது ஒலி வேலை நடக்கிறது. அதே ஆம்னியைப் பாலாற்று ஓரம் நிறுத்தி, எஞ்சின் ஓடும் சத்தத்தை மட்டும் பத்து நிமிடம் பதிவு செய்தேன். அதை எஞ்சின் அணைந்திருந்த பகுதியின் அடியில் போட்டால் பாட்டியின் குரல் கொஞ்சம் அமுங்குகிறது. எந்த அளவில் வைப்பது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டியூப்களைப் பஞ்சர் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. பலகை என் வீட்டில் நிற்கிறது. மெழுகின்மேல் தோல் ஓடிய இரண்டு தடம் பளபளவென்று தெரிகிறது. ஓரத்தில், முன்கட்டையிலிருந்து ஒன்றேமுக்கால் அடியில் போட்ட பென்சில் கோட்டின் பக்கத்தில் 'கீரை' என்று எழுதிவைத்திருக்கிறேன்.